ஒவ்வாமை எதுவும் இல்லை

எங்கள் மருத்துவமனைத் தட்டச்சு அறையில் அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக அடிப்பது எங்கள் வேலை. நாங்கள் ஒன்றை முடிப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருப்பாள். பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ரகசியம் ஒன்றும் பெரிதல்ல. திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கெல்லாம் கணினியில் ஷார்ட்கட் வைத்திருந்தாள். ‘ஒஇ’ என்று தட்டினால் ‘மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று முழு வரியும் வந்து விழும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதானே! டாக்டர் அந்த இடத்துக்கு வருவதற்குள்ளேயே ‘ஒஇ’ போட்டுவிட்டுப் பதிவை முன்னே தள்ளிவிடுவாள்.

“அவர் என்ன சொல்லப் போறார்னு எனக்குத் தெரியாதாடி?” என்பாள். நாங்களும் ஈயடிச்சான் காப்பியாக அதையே செய்தோம்.

அவளுடைய தங்கைக்குக் குடல்வால் அறுவை எங்களிடம்தான் நடந்தது. அறிக்கை வராமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அதனால் தங்கை கிளம்பும் நாளில் இவள் விரல்கள் இன்னும் வேகமாகப் பறந்தன. எங்களுக்கு வரும் பதிவில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது தங்கையுடையது என்று அவளுக்கே தெரியாது.

பத்து நாள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேறொரு டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பென்சிலின் ஊசி போட்டார். முகம் வீங்கி மூச்சடைத்துவிட்டது. பிழைத்தது மறுபிறவி.

எக்ஸ்பிரஸ் பழைய பதிவைத் தேடிப் போட்டுக் கேட்டாள். “பென்சிலின் ஆகாது” என்று டாக்டர் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொல்கிறார். அறிக்கையின் அடியில் இவளுடைய பணி எண். ஹெட்போனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் அந்த ‘ஒஇ’யை எத்தனை முறை தட்டியிருப்பேன்?

மறுநாள் மாலை வார்டுக்கு நானும் கூடப் போனேன். தங்கை தெளிந்திருந்தாள், கொதித்துக்கொண்டும் இருந்தாள்.

“நான் அன்னிக்கே டாக்டர்கிட்ட தெளிவாச் சொன்னேன்க்கா. அடிச்சவங்க காதுல பஞ்சா வச்சிருந்தாங்க? உனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே. யாருன்னு கண்டுபிடி, சும்மா விடாதே.”

இவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு. சொல்லாமல் இருந்தால் தங்கைக்கு எப்படித் தெரியப்போகிறது?

இவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான்டி.”

“என்ன நான்தான்?”

“அடிச்சது நான்தான். கேக்காமலே அடிச்சேன்.”

தங்கை கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.