விடைத்தாள் திருத்திய அப்பா

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். என் மகள் ஐந்தாவது முடிக்கும்போது, காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அறுபது கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை இருக்கும், சரியானதன் வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். இடங்கள் குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம்.

மாதிரித் தாள்களைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. மனைவி துணிக்கடையில் வேலை முடிந்து வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடும். எனக்கு ஐஸ் கம்பெனியில் விடியற்காலை ஷிஃப்ட். மதியமே வீட்டில் இருப்பேன். "ஏ, பி, சி, டி தெரியும்ல? பின்னாடி விடை இருக்கு. ஒத்துப் பாத்து டிக் போடுங்க, போதும்" என்றாள் மனைவி. அது எனக்கும் சௌகரியமாக இருந்தது. கேள்வியைப் படிக்க வேண்டியதில்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு தாள்களில் நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு வாங்கினாள். பிறகு தலத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் புதிதாக மூன்று தாள் வாங்கி வந்தேன். நிஜத் தேர்வு இப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதில் முதல் தாளுக்குப் பதினேழு வந்தது.

"என்னா பாப்பா இது?"

"நான் போட்டது சரிதாம்பா."

"அச்சடிச்சது தப்பு, நீ போட்டது சரியா?"

அடுத்த தாளில் பதினைந்து. அன்று அவள் ஒரு கணக்கைக் காட்டி, "இத நீங்களே போட்டுப் பாருங்கப்பா" என்றாள். நான் பார்க்கவில்லை. எங்கே எனக்கு வராமல் போய், அதை அவள் பார்த்துவிடுவாளோ என்ற பயம். அதை மறைக்கத்தான் சத்தம் போட்டேன். டிவி வயரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகக்கூடாது என்றேன்.

மூன்றாவது தாளில் பதினான்கு. அவள் பென்சிலைப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி மதியம் அவள் பள்ளியில் இருந்த நேரம், அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அன்று காட்டிய கணக்கு கண்ணில் பட்டது. அதைப் படிக்க ஆங்கிலமே தேவையில்லை. 125 பெருக்கல் 8. தினமும் ஐஸ் கட்டிக் கணக்குப் பார்க்கிறவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா? ஆயிரம். அவளும் ஆயிரத்துக்குத்தான் வட்டம் போட்டிருந்தாள். விடைப் பக்கம் காட்டிய எழுத்தில் 925 இருந்தது. பேனா எடுத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். ஆயிரம்தான். அடுத்த கணக்கும் அப்படியே.

தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தலத்தெருவுக்கு வண்டியை விரட்டினேன். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். கடைசியில் கடைக்காரரே கூப்பிட்டார்.

"என்னாண்ணே, ரொம்ப நேரமா நிக்கிறீங்க?"

தாளை நீட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மூணுலயும் கேள்வி பி செட்டு, விடை டி செட்டு. கடைப் பையன் மாத்திப் பின் அடிச்சிட்டான். கேள்வியெல்லாம் ஒண்ணுதான், வரிசைதான் மாறியிருக்கும். நீங்க கேள்வியப் படிச்சுப் பாக்கலையா?"

சரியான விடைகளை வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே வண்டி சீட்டின் மேல் வைத்துத் திருத்தினேன். முதல் தாள் நாற்பத்தெட்டு. இரண்டாவது நாற்பத்தைந்து. மூன்றாவது முப்பத்தொன்று.

மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல இடங்களில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. அழித்ததெல்லாம் சரியான விடை. அதற்குப் பக்கத்தில் தவறானதைக் கருப்பாக்கியிருந்தாள்.

மாலை அவள் வந்ததும் தாள்களை முன்னால் வைத்தேன். "அப்பாதான் தப்பாத் திருத்திட்டேன் பாப்பா. நீ போட்டது சரி" என்றேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்ல."

"சொன்ன."

"டிவி வயர எடுத்துக் குடுங்க."

கொடுத்தேன். அவள் டிவி போடவில்லை. மூன்றாவது தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் மனைவி, "புள்ளைய நம்ப மாட்டீங்க, கடக்காரன நம்புவீங்க" என்றாள். அதோடு விடவுமில்லை.

ஞாயிறு காலை பள்ளி வாசலில் மற்ற அப்பாக்கள் ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ச் சாரியில் வண்டியோடு நின்றேன். வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று இருந்தேன். அவளே சொன்னாள்.

"அஞ்சு விட்டுட்டேம்பா."

"தெரியலையா?"

"தெரிஞ்சுது. பேனால போட்டா அழிக்க முடியாதுன்னாங்க. பயமா இருந்துச்சு."

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வானவர்களில் அவள் எண் இல்லை. கீழே காத்திருப்போர் வரிசையில் இரண்டாவதாக இருந்தது. யாராவது சேராமல் போனால் போன் பண்ணுவதாகச் சொன்னார்கள்.

பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம். இப்போது ஐஸ் கம்பெனியில் ஈரக் கையோடு நானே எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பாப்பா விஷயமாகப் பள்ளியிலிருந்து யாரும் கூப்பிட்டார்களா என்று போனைப் பார்க்கிறேன்.