ரூடி என்பவர் யார்?

மாக்கிறேட் அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கல்லூரி வாசலில் ஒரு திரையைத் திட்டிக்கொண்டிருந்தார். தகவல் தொழில்நுட்ப டிப்ளமோ வகுப்பு தொடங்கும் நாள் அது. மாணவர் எண்ணைத் தட்டினால் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அந்தத் திரை சொல்ல வேண்டும். அவருக்கு மட்டும், 'உங்கள் தொலைபேசிக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. குறியீடு வரவில்லை. பின்னால் பத்துப் பேர் காத்திருந்தோம்.

என் சட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எந்த அறை எண்டு கேக்க வந்தனான். நான் ஆர் எண்டு நிரூபிக்கச் சொல்லுது. ரெண்டும் ஒரே கேள்வியோ?"

நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் விசாவில் சிட்னிக்கு வந்தவள். வந்த ஒரு வருடத்தில் இதுபோல எத்தனையோ திரைகள் முன்னால் நின்றிருக்கிறேன். அதைக் கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மன்னாரில் பேசாலை சொந்த ஊர். பதினைந்து வருடங்களாக லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கணவர் நொயல் பஸ் பழுதுபார்க்கும் இடத்தில் மெக்கானிக். மகள் டில்ஷா நர்சிங் படிக்கிறாள். அக்கா வேலை செய்வது செவன் ஹில்ஸில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் ஒரு பெரிய வேர்ஹவுஸில். காலை ஐந்து மணிக்கு ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியும். நானும் செவன் ஹில்ஸில் இருப்பதால், வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு, என்னோடு ரயிலேறி வகுப்புக்கு வருவார்.

இந்த வயதில் ஏன் படிக்க வந்தார் என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். வேர்ஹவுஸில் வருகைப் பதிவையெல்லாம் ஒரு ஆப்பில் போட்டுவிட்டார்களாம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை என்று அது காட்டியது. அதைக் காட்டிய மேற்பார்வையாளர் முன்னால், கையில் பெட்டியோடு, அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இஞ்சை நிக்கிறன், பாருங்கோ எண்டன். ஓம் மாக்கிறேட், தெரியுது, ஆனா சிஸ்டம் நீங்கள் வரேல்லை எண்டு சொல்லுது எண்டார். ஆரிட்டைச் சொல்லி மாத்துறது எண்டு கேட்டன். அவருக்குத் தெரியாது. அவருக்கு மேலை இருக்கிறவருக்கும் தெரியாது. சரி, தெரிஞ்ச ஆக்கள் எங்கை தான் இருக்கினம் எண்டு பாப்பம் எண்டு வந்தனான்."

வகுப்பில் அவர் கெட்டிக்காரி. நிரல் எழுதுவது மெதுவாகத்தான் வரும். ஆனால் எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். வேர்ஹவுஸில் உடைந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்கிப் பழகிய கை. அன்றாடம் படும் எரிச்சல்களைக் குரல் செய்தியாக எனக்கு அனுப்புவது அவர் வழக்கம். மின்சாரக் கம்பெனியின் இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் அரட்டைப் பெட்டி, அவர் என்ன கேட்டாலும் 'உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது' என்று சொல்லிவிட்டு வேறு எதையோ பதிலாகத் தரும். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஆனால் சம்பளச் சீட்டைப் பார்க்க போனுக்கு வரும் குறியீட்டை ஐந்து நிமிடத்துக்குள் தட்டியாக வேண்டும். 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்டு ஒன்பது படங்களில் தீயணைப்புக் குழாயைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பக்கத்தில் அவர் மூன்று முறை தோற்றிருக்கிறார்.

"ஒண்டு பிழைச்சால் பிழைக்கட்டும்," என்று ஒரு செய்தியில் சொல்லியிருந்தார். "எல்லாம் பிழைக்கும். பிழைச்சால் ஆரிட்டைச் சொல்லுறது எண்டு ஒரு இடம் விட வேணும் தானே? அதை விடாமல் எழுதினவனும் எங்களை மாதிரி ஒரு வகுப்பிலை இருந்து பாஸ் பண்ணினவன் தான், பாரும்."

போன வருடம் தரவுத்தளப் பாடத்துக்கு வீட்டிலிருந்தே தேர்வு. கண்காணிப்பாளர் கிடையாது. கம்ப்யூட்டரின் கேமரா வழியாக ஒரு மென்பொருள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நொயலையும் டில்ஷாவையும் கடைக்கு அனுப்பிவிட்டு, அக்கா சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. காட்டினார். 'இன்னொரு நபர் இருக்கிறார்' என்று சிவப்பில் எழுதியது. அறையில் ஒருவரும் இல்லை. திரும்பவும் காட்டினார். திரும்பவும் அதையே சொன்னது. நாலாவது முறைதான் புரிந்தது. சுவரில் மாட்டியிருந்த மடு மாதாவின் படம்; அவர் ஊர்ப்பக்கத்துக் கோயில் மாதா. நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றி, கட்டில் விரிப்பில் சுற்றி உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார். அதற்குள் பதினான்கு நிமிடம் போயிருந்தது.

மீதி நேரத்தில் கேள்விகளை எல்லாம் எழுதி முடித்தார். நன்றாகச் செய்ததாக எனக்குச் செய்தி அனுப்பினார்.

பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தேர்வின்போது அவர் வேறு ஒருவரோடு பேசியதாகச் சந்தேகம்; முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது; இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர் டீயைத் தொடவில்லை. நான் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன்.

"அக்கா, யார் கூடயாவது பேசினீங்களா? போன் ஏதாவது வந்துச்சா?"

"ஆரோடை பேசுறது? மாதாவையே வெளியிலை அனுப்பிப் போட்டுத் தானே எழுதினனான்."

பிறகு குரல் தாழ்த்திச் சொன்னார்: "நான் எனக்குள்ளை முணுமுணுக்கிறனான். இங்கிலீசிலை வாசிப்பன். யோசிக்கிறது தமிழிலை தான். வாய் அசையும்."

வகுப்பிலும் அவர் அப்படித்தான். பக்கத்தில் உட்காரும் எனக்கு அது பழகிப்போயிருந்தது.

மேல்முறையீட்டுக்கான படிவத்தில் காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உடல்நலக் குறைவு, இணையத் தடை, குடும்பத்தில் மரணம். நாலாவதாக 'மற்றவை', அதற்கு ஒதுக்கிய இடத்தில் இரண்டு வாக்கியம்தான் அடங்கும். அனுப்பினார். ஒரு வாரம் பதில் வராததால் அந்தக் கோரிக்கை தானாகவே முடித்துவைக்கப்பட்டது என்று தகவல் வந்தது. பதில் தர வேண்டியது அவர்கள் என்பதை யாரிடம் சொல்வது? அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனார். மாணவர் சேவைக் கவுண்டர் இருந்த இடத்தில் ஒரு சோபாவும், கட்டம் போட்ட குறியீடு ஒட்டிய பலகையும் இருந்தன. அதைப் போனில் பிடித்தால் அதே படிவம் திறந்தது. சோபாவில் உட்கார்ந்து அழுததாகப் பிறகு சொன்னார். "அழுகை இல்லை, அது விசர். கோபம் தான் கண்ணாலை வந்தது" என்றும் சொன்னார்.

மூன்றாவது கோரிக்கைக்கு விசாரணை நாள் கிடைத்தது. கூடவே மென்பொருளின் அறிக்கையும் வந்தது. பதினேழு இடத்தில் உதட்டசைவு, பதினொரு இடத்தில் குரல். அந்தக் குரலை இயந்திரம் கேட்டு எழுத்தாக்கியும் இருந்தது. அதற்குத் தமிழ் தெரியாது. கேட்டதையெல்லாம் ஆங்கிலம் என்றே நினைத்து எழுதியிருந்தது. தலையும் வாலும் இல்லாத சொற்களுக்கு நடுவே, மூன்று இடங்களில் 'சே டு ரூடி' என்று இருந்தது. ரூடியிடம் சொல். அதன் கீழே மஞ்சளில் ஒரு குறிப்பு: ரூடி என்பவர் யார்?

விசாரணைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அக்கா கேட்டு எழுதினார். டில்ஷாவுக்கு அது பிடிக்கவில்லை. "மம், யுவர் இங்கிலீஷ் இஸ் ஃபைன். எதுக்கு இன்டர்பிரெட்டர்?" என்றாள்.

"எனக்கு இல்லையடி. விசாரிக்கிற ஆக்களுக்கு."

விசாரணை வீடியோவில் நடந்தது. ஒரு புதன்கிழமை காலை, அக்கா லீவு போட்டுவிட்டு வந்து, என் வீட்டு ஹாலில். துணைக்கு ஒருவர் இருக்கலாம், பேசக்கூடாது என்பது விதி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே திரையில் மூன்று பேர். தலைமை தாங்கிய பெண்மணி மரியாதையாகவே பேசினார். இன்னொருவர் கல்லூரி அலுவலகத்தைச் சேர்ந்தவர். மூன்றாமவர் எங்களுக்குத் தரவுத்தளப் பாடம் நடத்திய ஆசிரியர். மொழிபெயர்ப்பாளர் வரதராஜன் தொலைபேசியில் இணைந்தார். அவர் குரல் மட்டும்தான் கேட்டது.

அந்தப் பெண்மணி அறிக்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ரூடி என்பவர் யார் என்று சொல்ல முடியுமா?"

"அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது," என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். "நான் ஒன்று கேட்கலாமா? உங்களில் யாராவது அந்த ஒலிப்பதிவைக் கேட்டீர்களா?"

அலுவலகத்துக்காரர், அறிக்கை ஒலிப்பதிவை முழுமையாக அலசித்தான் தயாரிக்கப்பட்டது என்றார்.

"அலசியது மென்பொருள். நான் உங்களைக் கேட்கிறேன்."

யாரும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் இப்போது கேட்போம் என்றார் தலைவி. ஒலிப்பதிவை எல்லாருக்கும் கேட்கும்படி வைக்க அவர்களுக்குப் பதினொரு நிமிடம் ஆனது. முதலில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சத்தம் அவர்களுக்குக் கேட்டது, எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருமுறை எல்லாரும் வெளியே தள்ளப்பட்டு மறுபடி உள்ளே வந்தோம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேட்டது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம், அதற்கு மேலே அவருடைய முணுமுணுப்பு. "இஞ்சை ஓடர் இலக்கம் கிடக்கு. அங்கை ஆளின்ரை பேர் கிடக்கு. ரெண்டையும் எதாலை சேத்துவிடுறது? எதாலை சேத்துவிடுறது..."

வரதராஜன் நிதானமாக ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "நீங்கள் கேட்ட பெயர் இதுதான் என்று நினைக்கிறேன். இது பெயர் இல்லை. 'சேத்துவிடுறது'. இணைப்பது என்று பொருள்," என்றார்.

அடுத்த துண்டு: "அடி மாக்கிறேட், விசரி, கொமாவை விட்டிட்டாய்."

அதை மொழிபெயர்க்கப் போன வரதராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிமிடம் மன்னிக்கச் சொன்னார். திரும்பி வந்து, "தன்னைப் பைத்தியக்காரி என்று திட்டிக்கொள்கிறார். ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டாராம்," என்றார்.

தரவுத்தள ஆசிரியர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். "நாலாவது கேள்வியா? அதில் பாதி வகுப்பு காற்புள்ளியை விட்டிருந்தது," என்றார். தலைவி சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது, பதில் அனுப்ப முடியாத அதே முகவரியிலிருந்து. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மதிப்பெண் எழுபத்து நான்கு. நான் கேக் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அவர் போனை நீட்டிக் காட்டியது மின்னஞ்சலின் கடைசி வரியை: இனிவரும் தேர்வுகளில் உதட்டசைவையும் குரலையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்.

"பாரும். யோசிக்கிற விதத்தை மாத்தட்டாம். மிசின் பிழை விட்டது, திருந்த வேண்டியது நான். ஒரு மன்னிப்பு இருக்கோ இதிலை? தேடிப் பாரும்."

தேடினேன். இல்லை.

"விடுங்கக்கா. பாஸ் ஆயிட்டீங்கல்ல?"

சொன்னதும் தப்பு என்று தெரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. கேக்கைப் பெட்டியோடு நொயலுக்கு எடுத்துப்போனார்.

அடுத்த பாடத்துக்கு நேரில் தேர்வு எழுதக் கேட்டார். அதற்கும் ஒரு படிவம். நோய் அல்லது உடல் குறைபாடு இருப்பதாகக் குறித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். சும்மா ஒன்றைக் குறித்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டார். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வெள்ளைத் தாளில் கையால் ஒரு கடிதம் எழுதி, தரவுத்தள ஆசிரியரின் பெயரைப் போட்டு, லிட்கம் தபால் நிலையத்தில் முத்திரை ஒட்டி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அந்த ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, ஒரு அறை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்.

சிட்னியின் ஜூன் மாதக் குளிரில், ஹீட்டர் சரியாக ஓடாத அந்தச் சின்ன அறையில் அக்கா தனியாகத் தேர்வு எழுதினார். கண்காணிக்க வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு கிழவர்; குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா முணுமுணுக்கத் தொடங்கியதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாராம். மதிப்பெண் அறுபத்தெட்டு. அதற்குத் தானே பொறுப்பு, இரண்டு கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்றார்.

நான் அதே தேர்வை வீட்டிலிருந்து எழுதினேன். அதற்கு முந்தைய வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தை அசைக்காமல் படிக்கப் பழகினேன். கண் விலகாமல், உதடு அசையாமல், தலையைச் சொறியாமல். ஒரு சிவப்பு எச்சரிக்கைகூட வரவில்லை. முதல் கேள்வியைப் படித்துவிட்டு, முகம் சரியாக இருக்கிறதா என்ற யோசனையில் கேள்வியை மறந்து மறுபடி படித்தேன். இரண்டு மணி நேரமும் அப்படியே போனது. அறுபத்தொன்று.

இந்தப் பருவத்தில், நேரில் தேர்வு எழுத விடுங்கள் என்று கேட்க ஆள் சேர்க்கிறார் மாக்கிறேட் அக்கா. ஒரு நேபாளப் பெண், இரண்டு லெபனான்காரர்கள், வாய்விட்டுப் படிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையன் என்று நாலு பெயர் தாளில் இருந்தது. நேற்று ரயிலில் பேனாவை வாங்கி ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கையால் எழுதிய தாளை ஏற்க மாட்டோம், தனித்தனியாகப் படிவத்தில் பதியுங்கள் என்று அலுவலகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாம்.

"நாளைக்கு ஷிப்ட் முடிய இந்தத் தாளோடை திரும்பப் போறன்," என்றார். "நீரும் வாரும்."

"வர்றேன்," என்றேன்.