கைலாசகிரியில கேட்ட மூணு 'ஏட்டி'

ஈரப் புல்லு வாசனையும் உப்புக் காத்தும் சேந்து அடிச்சா எனக்கு இப்பவும் முதுகுத்தண்டு சில்லுன்னு ஆயிரும்...

அப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. சங்கரன்கோவில்ல ஒரு டிராவல்ஸ்ல டூர் மேனேஜர். மேனேஜர்னதும் பெருசா நெனச்சிராதிய. பஸ்ல தலை எண்ணணும், சமையக்காரர்கூட சண்டை போடணும், மைக்கைப் பிடிச்சிக்கிட்டு தெரியாத ஊரத் தெரிஞ்ச மாரி வெளக்கணும். அம்புட்டுதான் வேல.

காசி, பூரி போயிட்டு திரும்புத வழியில வைசாக்ல, அதான் விசாகப்பட்டினத்துல, ஒரு நாள். நாப்பது பேரு. மேலநீலிதநல்லூர், ராயகிரி, இளையரசனேந்தல்னு எல்லாம் நம்ம சுத்துப்பட்டு சனம்தான். மலையும் கடலும் ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சொன்னா, போய்யா, கதை விடாதங்குத ஆளுக.

காலையில சிம்மாசலம் கோயில். பொறவு பீச்சுல கரையேத்தி வச்சிருக்க நீர்மூழ்கிக் கப்பல். உள்ள யூனிஃபார்ம் போட்ட பொம்மைகளப் படுக்க வச்சிருக்கும். ராயகிரி பேச்சியம்மா மதினி அதுல ஒண்ணுகிட்ட, கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்க தம்பின்னு சொல்லிட்டு ஒதுங்கிப் போனாவ. எல்லாரும் சிரிச்சாங்க. மதினி மட்டும் சிரிக்கல. அது மூச்சு விட்ட மாரி இருந்துச்சுன்னாவ.

மதினியோட வீட்டுக்காரரு மாடசாமி அண்ணாச்சி. ரெண்டு பேரும் அடுத்தவங்க வயல்ல உரத்துக்கு ஆட்டுக்கெடை போட்டுப் பொழைச்சவங்க. பிள்ளை கிடையாது. அவருக்கு அவ, அவளுக்கு அவரு... கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல மொத டூர் அது. அண்ணாச்சி பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. எப்பவும் 'ஏட்டி'தான்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். கடலுக்கு மேல நிக்கில்லா, அந்தக் கைலாசகிரி மலைக்கு ஏறிட்டோம். உச்சியில வெள்ளை வெளேர்னு பெரிய சிவன் பார்வதி சிலை. நம்ம சனம் சங்கரன்கோவில் கோமதி அம்மன நேர்ல பாத்த மாரி கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கி.

அப்பதான் கீழ இருந்து மேகம் ஏறி வந்துச்சு...

மொதல்ல கடலக் காணோம். பொறவு மரம். பொறவு பார்வதி. கடைசியா சிவன் தலை மட்டும் தனியா மெதந்துச்சு. அதுவும் போச்சு. கைய நீட்டுனா வெரலு தெரியல.

ஒவ்வொருத்தரா தோளத் தொட்டுத் தலை எண்ணுனேன். முப்பத்தொம்பது. மதினி இல்ல.

மலை ஓரத்துல கம்பி வேலி, அதுக்கு அங்கிட்டு சரிவு, கீழ பாறை. அண்ணாச்சிக்கு வாயே வரல. என் மணிக்கட்டப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னாவ. பிடி மட்டும் இறுகிக்கிட்டே போச்சு.

நான் தோள்ல தொங்குன கை மைக்கை எடுத்தேன். "பேச்சியம்மாள்... ராயகிரி பேச்சியம்மாள்..."

என் குரலே மேகத்துல பட்டு வேற யாரோ குரல் மாரி திரும்பி வந்துச்சு. பதில் இல்ல. எங்கனயோ சருகு மிதிபடுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் பேரச் சொல்லச் சொல்ல அது தள்ளித் தள்ளிப் போச்சு.

அண்ணாச்சி மைக்கைத் தட்டிவிட்டாவ.

"ஏலே, பேரச் சொல்லாத. அவ பயந்து ஓடுதா."

எனக்கு அப்பதான் உறைச்சுது. நம்ம ஊருக் காட்டுல யாரோ தெரியாத குரலு பேரச் சொல்லிக் கூப்பிட்டா, திரும்பாம எட்டிப் போயிரணும். தெரிஞ்ச குரலா இருந்தாக்கூட மூணு தடவ கேட்ட பொறவுதான் பதில் சொல்லணும். இதெல்லாம் கேட்டு வளந்தவன்தான் நானும். மைக்கைப் பிடிச்சதும் மறந்துட்டேன். நானேதான் மதினிய வேலிப் பக்கமா வெரட்டிருக்கேன்.

அண்ணாச்சி இருட்டுக் கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குத மாரி குனிஞ்சி, ஒரே ஒரு தடவ கூப்பிட்டாவ.

"ஏட்டி..."

"இந்தா, வாரேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்துச்சு குரலு. சரிவுல ஒரு செடியப் பிடிச்சிக்கிட்டு நின்னிருக்காவ. இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா... வேண்டாம்.

கையக் குடுத்து மேல ஏத்திட்டோம். பஸ்ல வந்து உக்காந்ததும், மதினி முந்தியில முடிஞ்சி வச்சிருந்த நம்ம கோயில் புத்து மண்ண எடுத்து நெத்தியில பூசிக்கிட்டாவ. பொறவு அண்ணாச்சியப் பாத்து ரொம்ப சாதாரணமா கேட்டாவ.

"மொத ரெண்டு தடவ கடல் பக்கம் இருந்துல்லா கூப்பிட்டிய... எப்ப மேல ஏறுனிய?"

அண்ணாச்சி என்னப் பாத்தாவ. நான் அவரப் பாத்தேன். அம்புட்டு நேரமும் அவரு என் கையப் பிடிச்சிக்கிட்டுதான நின்னாரு? கூப்பிட்டதும் ஒரே ஒரு தடவதான.

இப்ப அங்கன கண்ணாடிப் பாலம்லாம் வந்துட்டு. போன வருஷம் என் மவ ஃப்ரெண்ட்ஸோட போயிருந்தா. மேகம் எறங்குதுன்னு போன்ல சொன்னதும் எனக்கு வேர்த்துட்டு. அவ சிரிக்கா. "லொகேஷன் அனுப்பிருக்கேன்லப்பா, பாத்துக்கிடுங்க." இப்ப யாரும் யாரையும் சத்தம் போட்டுத் தேட வேண்டியது இல்ல. நல்லதுதான்.

அண்ணாச்சி தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஆடித் தபசு திருவிழாவுக்கு மதினியக் கோயில் வாசல்ல பாத்தேன். ஆளு பாதியா ஆயிட்டாவ. ஒத்தையில என்னத்துக்குக் கெடக்கிய, எங்க வீட்டுல வந்து இருங்கன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்.

"ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு தம்பி. இன்னும் ஒண்ணுதான்."

எனக்கு அழுகை வந்துட்டு. சரி, ஒரு போனாவது வாங்கித் தாரேன், தெனமும் பேசுவோம்னேன். அதுவும் வேண்டாம்னுட்டாவ.

அது மணி அடிச்சிக்கிட்டே கெடந்தா, அவரு கூப்பிடுதது காதுல விழாதாம்.