விருந்தினரை விரட்ட ஏழு யோசனைகள்

திருவண்ணாமலையில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். பௌர்ணமிக்குக்கூட அறைகள் காலியாகக் கிடந்தன. ஊழியர்களைக் கூட்டி, எங்கோ படித்த உத்தியைக் கையில் எடுத்தேன்: சிக்கலைத் தலைகீழாகக் கேட்பது.

“வர்றவங்களை விரட்டணும்னா என்ன பண்ணலாம்? தோணுறதைச் சொல்லுங்க. யாரும் மறுத்துப் பேசக்கூடாது” என்றேன்.

“மலை சுத்திட்டு வர்றவங்களை நிக்க வெச்சே ஃபாரம் எழுதச் சொல்லலாம்” என்றார் அறை பெருக்கும் செல்வி.

“வெந்நீர் கேட்டா டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணலாம்” என்றார் வாட்ச்மேன்.

“பிரமாதம்!” என்று சிரித்தபடி பலகையில் எழுதினேன். ஏழாவது யோசனையில் சாக்பீஸ் நின்றது. எல்லாமே நான் தினமும் செய்பவை.

“இல்ல, அது வந்து...” என்று இழுத்தேன்.

“மறுத்துப் பேசக்கூடாதுன்னீங்களே சார்” என்றார் செல்வி.

மறுநாளே என் நாற்காலியைத் தூக்கி மேசைக்கு முன்புறம் போட்டேன். வருகிறவர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள்; நான் நிற்கிறேன். கால் வலிக்கும்போதெல்லாம், கூட்டம் போடாமலே அவர்களை விரட்ட எனக்குப் புது யோசனை தோன்றுகிறது.