ஜேசுராஜ் மகனுக்கு வீடு பார்த்த கதை

ஹைதராபாத்தில் வீட்டு விலையை ஏற்றிவிட்டது யார் என்று அந்த நாட்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சாஃப்ட்வேர்க்காரர்கள். ஆட்டோக்காரர் சொல்வார், பால் போடுகிறவர் சொல்வார், பேங்க் மேனேஜரே சொல்வார். நானும் பிளஸ்ஸனும் பேகம்பேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த விலையை ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் சொந்த வீடு கிடையாது. அதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இது பிளஸ்ஸனின் கதை இல்லை. அவன் அப்பா ஜேசுராஜின் கதை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து சிகந்திராபாத் வந்த குடும்பம். தாத்தாவும் ரயில்வே, அப்பாவும் ரயில்வே, மூன்று தலைமுறையும் குவார்ட்டர்ஸ். சொந்தமாக ஒரு செங்கல் வாங்கியதில்லை, ஆணி அடிக்கக்கூட ஆபீஸில் கேட்க வேண்டும். மனைவி அந்தக் குவார்ட்டர்ஸில்தான் காலமானார். 2007 ஏப்ரலில் ஜேசுராஜுக்கு ரிட்டயர்மெண்ட், அதிலிருந்து நாலு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் மகன் பெயரில் ஒரு வீடு. அவருக்கு வேறு ஆசை கிடையாது. மகன் சாஃப்ட்வேர், எதற்குக் கவலை என்றுதான் 2004-ல் அவர் வீடு பார்க்கக் கிளம்பினார்.

கிளம்பும்போதே ஒரு கொள்கையோடு கிளம்பினார். தமிழன் வீட்டைத்தான் வாங்க வேண்டும். நம்ம ஆள் நம்ம ஆளுக்குக் குறைத்துக் கொடுப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழர்களோடு பழகியும் ஒரு மனிதர் இப்படி நம்ப முடிகிறது என்றால், விசுவாசம் மலைகளைப் பெயர்க்கும் என்று வேதத்தில் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே விசாரிப்பார். எந்தத் தமிழ்க் குடும்பம் பெங்களூர் போகிறது, யார் பிள்ளை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறான் என்று பட்டியல் தயாராகிவிடும். பிறகு எனக்குப் போன் வரும், ஏனென்றால் என்னிடம் ஒரு பழைய மாருதி இருந்தது.

முதல் வீடு தார்நாகாவில். கோவிந்தராஜன் என்று ஒரு ரிட்டயர்டு விஞ்ஞானி, மகளோடு சென்னைக்குப் போகிறார். இரண்டு படுக்கையறை, கிழக்கு வாசல், பதிமூன்று லட்சம் என்று வாயால் சொல்லிவிட்டார். பிளஸ்ஸன் மனதுக்குள் பேங்க் லோன் கணக்குப் போட்டு முடித்து, ஐவியைப் பார்த்துத் தலையையும் ஆட்டிவிட்டான். ஐவி அவன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், தலையாட்டலை உடனே புரிந்துகொள்வாள். எல்லாம் முடிந்து காபி வந்தது. அந்தக் காபியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

"பையன் எங்க வேல பாக்கறாப்ல?" என்று கோவிந்தராஜன் சும்மா கேட்டார்.

ஜேசுராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "சாஃப்ட்வேர் சார். ரெண்டு தபா அமெரிக்கா போயிட்டு வந்துட்டான். கம்பெனில இவன் இல்லன்னா வேலையே நடக்காது. ஹவ், மேனேஜரே சொன்னாரு."

அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் இல்லை. பிளஸ்ஸன் அமெரிக்கா போனது ஒரு தடவை, மூன்று வாரம். அவன் இல்லாவிட்டால் கம்பெனியில் குறைவது காபிச் செலவு மட்டும்தான், அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். கோவிந்தராஜனுக்கு அது தெரியாதே. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்றார். மகள் என்ன சொன்னாளோ, புதன்கிழமை விலை பதினைந்தரை ஆகியிருந்தது. நம்ம ஆள் நம்ம ஆளிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் ஏற்றிவிட்டான், அவ்வளவுதான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை ஒரு தடவைதான் கெடும். ஜேசுராஜ் மூன்று வருஷத்தில் ஏழு வீட்டைக் கெடுத்தார். பிளஸ்ஸன் கழுத்திலிருந்து கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டுத்தான் வருவான். காரை அடுத்த தெருவில் நிறுத்துவோம், பழைய மாருதிக்கும் இருபதாயிரம் ஏற்றுகிற ஊர் அது. ஐவி வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். இப்படி மூன்று பேரும் ஏழைகளாக வேஷம் கட்டி உட்கார்ந்திருப்போம். ஜேசுராஜ் வாயைத் திறப்பார். ஏழைகளும் இல்லை, பணக்காரர்களும் இல்லை என்கிற நிலையில்தான் நாங்கள் இருந்தோம், அதற்கு என்ன வேஷம் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லவும் மனம் வராது. முப்பத்தெட்டு வருஷம் நட்டையும் போல்ட்டையும் எண்ணி எழுதிய மனிதர். தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை, சொல்லியதும் இல்லை. மகனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும், முதுகு நிமிரும். பிளஸ்ஸன் சம்பளம் வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறியது. வீடு முப்பது ஏறியது. தார்நாகா கையை விட்டுப் போனது, மல்காஜ்கிரி போனது. பிளஸ்ஸன் வாங்கக்கூடிய வீடு வருஷா வருஷம் பஸ்ஸில் ஏறி ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது, நாங்கள் அதைப் பின்னாலேயே துரத்தினோம்.

2007 ஜூனில், இரண்டு மாதம்தான் பாக்கி என்கிறபோது, ஏ.எஸ்.ராவ் நகரில் ஜம்புநாதன் வீடு வந்தது. ஜம்புநாதன் கஸ்டம்ஸில் இருந்து ரிட்டயரானவர், மாதக் கடைசிக்குள் பெங்களூருக்கு மகனிடம் போக வேண்டும். பத்தொன்பது லட்சம். தார்நாகா வீட்டைவிடச் சின்னது, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் பால்கனியில் நிற்க வேண்டும். ஆனாலும் கைக்கு எட்டியது. இதை விட்டால் வேறு இல்லை.

காரிலேயே பிளஸ்ஸன் சொல்லிவிட்டான். "டாடி, சாஃப்ட்வேர்ங்கற வார்த்தை வாயில வரக்கூடாது."

"கேட்டா இன்னாடா சொல்றது?"

"ஏதோ ஆபீஸ்ல வேலைன்னு சொல்லுங்க, போதும். மாமா, ப்ளீஸ்" என்றாள் ஐவி.

ஜேசுராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி. பேசல."

வீடு பார்த்தோம். பிடித்தது. ஜம்புநாதன் நல்ல மனிதர், விலையில் இருபத்தையாயிரம் அவராகவே குறைத்தார். ஜேசுராஜின் கொள்கை கடைசியில் பலித்தே விட்டது என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஜம்புநாதன் கேட்டார். கேட்காமல் இருப்பார்களா.

"பையன் என்ன பண்றான்?"

ஜேசுராஜ் ஒரு நிமிஷம் மகனைப் பார்த்தார். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. புகழ்ந்தாலும் முழுசாகப் புகழ்வார். இப்போது மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், முழுசாக மறைத்தார்.

"அத ஏன் சார் கேக்கறீங்க. படிப்பு ஏறல இவனுக்கு. ஒரு ஜெராக்ஸ் கடைல இருக்கான். அதும் பர்மனென்ட் நக்கோ, இன்னிக்கி இருக்கும், நாளைக்கி இருக்காது. எம் மருமவ சம்பளத்துலதான் குடும்பம் ஓடுது."

ஐவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜம்புநாதன் முகம் இளகிவிட்டது, உள்ளே குரல் கொடுத்து இன்னும் இரண்டு முறுக்கு கொண்டுவரச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஜெராக்ஸ் கடைன்னா பேங்க்ல லோன் குடுக்க மாட்டா. எனக்கோ இந்த மாசமே முடிக்கணும். மாதாப்பூர்லேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் பையன் வந்து பாத்துட்டுப் போயிருக்கான். அவனுக்கே குடுத்துடறேன். நீங்க ஏன் பெரிய கடன்ல மாட்டிக்கறீங்க? வாடகைக்கு ஒரு போர்ஷன் பாத்துண்டு நிம்மதியா இருங்கோ."

பிளஸ்ஸன் எழுந்தே விட்டான். "அங்கிள், நானும் சாஃப்ட்வேர்தான். அப்பா சும்மா சொல்றாரு."

ஜம்புநாதன் அவனை வருத்தத்தோடு பார்த்தார். "ஒரு வீட்டுக்காகப் பெத்த அப்பாவைப் பொய்க்காரர் ஆக்கறியே தம்பி" என்றார். அடையாள அட்டை அடுத்த தெருவில், என் காரில் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்து காட்டினேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு அட்டை அடிப்பது பெரிய காரியமா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் அல்லவா, பார்வையோடு நிறுத்திக்கொண்டார்.

காரில் திரும்பினோம். நேரேட்மெட் தாண்டும்போது ஜேசுராஜ் வாயைத் திறந்தார்.

"வூடு போனா போவுது. எம் புள்ளைய நானே ஒண்ணுத்துக்கும் ஆவாதவன்னு சொல்லிட்டேன். அவன் முன்னாடியே சொல்லிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஏசுவ தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்சப்ப சேவலாவது கூவிச்சி. எனக்கு முறுக்கு குடுக்கறான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார். பிளஸ்ஸன் பின்னால் கையை நீட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை வீடு வருகிற வரையில் அங்கேயே இருந்தது.

அதன்பின் ஜேசுராஜ் வீடு பார்க்க வரவில்லை. சர்ச் வாசலிலும் யாரிடமும் விசாரிப்பதில்லை. மகனைப் பற்றி யாராவது கேட்டால், "இருக்கான்" என்று ஒரே வார்த்தை.

ஆகஸ்ட் வந்தது. சாவியைக் கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது, இனி வாடகை வீடுதான் என்று முடிவாகிவிட்டது. புரோக்கர் ஒரு வீட்டைச் சொன்னான். போய்ப் பார்த்தால் அதே ஜம்புநாதன் வீடு. வாங்கிய பையன் பெயர் சுதர்சன், வயது இருபத்தாறு. அவன் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சையை விற்று முக்கால் பணம் கொடுத்திருந்தார். இளைஞர்கள் நகரத்தில் வீடு வாங்குவது எப்படி என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அது இவ்வளவுதான். ஜேசுராஜிடம் விற்க மூன்று ஏக்கர் இல்லை. சுதர்சனும் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை, நாலு நண்பர்களோடு மாதாப்பூரில் அறை எடுத்திருந்தான். வீடு முதலீட்டுக்காம்.

வரவில்லை என்று சொன்ன மாமனாரை ஐவி கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தாள். அவர் காலிக் கூடத்தின் ஓரத்தில் சுவரைப் பார்த்து நின்றார். வாடகை ஆறாயிரம் என்று சுதர்சன் சொல்லியிருந்தான். பிறகு அவரிடம் திரும்பி, எல்லோரும் கேட்பதைக் கேட்டான்.

"சார் பையன் என்ன பண்றார்?"

ஜேசுராஜ் வாயைத் திறக்கவில்லை. மகனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் மனதுக்குள் ஆறாயிரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடை என்றாலும் பரவாயில்லை, எதையாவது சொல்லி முடிக்கட்டும் என்றிருந்தது.

"சொல்லுங்க டாடி" என்றான் பிளஸ்ஸன். "நான் என்ன வேலைன்னு சொல்லுங்க."

"சொல்லட்டாடா?"

"ஹவ். சொல்லுங்க."

ஜேசுராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சாஃப்ட்வேர் தம்பி" என்றார். "ரெண்டு தபா அமெரிக்கா போயிட்டு வந்துட்டான்."

சுதர்சன் சந்தோஷமாகத் தலையாட்டினான். "அப்ப நம்ம ஆளு. ஏழரையா வெச்சுக்கலாம் சார்."

வாடகை ஏறியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஐவி பையிலிருந்து அட்வான்ஸை எடுப்பதற்குள் அவர் மேனேஜர் சொன்னதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.