வயல் தாண்டித் தெரியும் நீலம்

அந்த மீனவ ஊரில் காலை வைத்ததும் என் மாமியார் செவ்வந்தி செய்த முதல் காரியம், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்ததுதான். ஊர் இத்தாலியில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கிறது. அதன் பெயர் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை. ‘கலர் வீட்டு ஊர்’ என்றுதான் சொல்வார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் சிங்காரவேலு, வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பாவோடு படகில் போயிருக்க வேண்டியவன், கப்பலில் சமையல்காரனாகப் போய், கடைசியில் இத்தாலியில் ஒரு ஓட்டல் அடுப்படியில் கரை ஒதுங்கினேன். மனைவி அம்சவல்லிக்கு அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நாற்று நட்டும், பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தும் அவளை ஒண்டியாகப் படிக்க வைத்தவர் செவ்வந்தி. அவர் ஓய்வு பெற்ற வருஷம் டிக்கெட் எடுத்து வரவழைத்தோம். வந்த நாளிலிருந்து என் சமையலுக்கு உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மலைச்சரிவில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறி நிற்கும். ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று செங்கல் சிவப்பு, பக்கத்தில் ரோஸ், அதற்கடுத்தது நீலம். சந்துக்குச் சந்து கொடி கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள். ஆனால் மீன் வாடை மட்டும் இல்லை. கருவாடு காயவில்லை, ஏலம் கூவவில்லை, ஒரு காக்காய்கூட இல்லை. படகுகள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. இதையெல்லாம் மீனவ ஊர் என்று எங்கள் அப்பாவிடம் சொன்னால் அடிக்க வருவார்.

கடற்கரையில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். குடையும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வெயிலில் கருகிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த அத்தை நின்று நிதானமாகப் பார்த்தார்.

“காசு குடுத்தா வெயில்ல படுக்குறாங்க? நம்ம ஊருக்கு நடவுக்கு வரச் சொல்லுங்க மாப்பிள்ளை. சும்மாவே கிடைக்கும்.”

அங்கிருந்து நேராகப் படியேறி அந்த நீல வீட்டின் பக்கம் போனார். சுவரைத் தடவினார். ஆள்காட்டி விரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நகத்துக்குள் நீலப் பொடி ஏறியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரக் கிழவர் வெளியே வந்துவிட்டார். எனக்கு மானம் போனது. அம்சவல்லி அவர்கள் பாஷையில் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு எதற்கு இவ்வளவு அழுத்தமான வண்ணம் என்று பேச்சை மாற்றினாள். அந்த மனுஷர் நல்லவர், கோபப்படவில்லை. கடலுக்குப் போனவனுக்குத் தூரத்திலிருந்தே தன் வீடு எது என்று தெரிய வேண்டும், அதற்காக அவருடைய அப்பா காலத்திலேயே அடித்தது என்றார்.

“யாராச்சும் வந்து அழிக்கச் சொன்னாங்களான்னு கேளு” என்றார் அத்தை.

அம்சவல்லி கேட்டாள். கிழவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. என் வீட்டை எவன் அழிக்கச் சொல்வான் என்று சிரித்தார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று இறங்கிப்போய்க் கூழாங்கல்லில் உட்கார்ந்துகொண்டார். அம்சவல்லிக்குக்கூட அதுவரை தெரியாத கதையை அங்கேதான் சொன்னார்.

கொடி பிடித்துக் கூலி கேட்ட காலம் அது. கூலி கேட்டவனுக்கு அடியும் கிடைத்தது, கேஸும் கிடைத்தது. அப்போதுதான் சென்னையில் ஒரு சட்டம் போட்டார்கள்: பண்ணையின் மனையில் குடிசை போட்டிருப்பவனுக்கே அந்த மனை சொந்தம். அதுவரை பண்ணைக்காரர் முறைத்தால் அன்றைக்கே கூரையைப் பிரிக்க வேண்டியதுதான். செவ்வந்தியின் அப்பா இராஜாங்கத்துக்குக் காலுக்குக் கீழே இருந்த மண் முதல்முறையாகச் சொந்தமாயிற்று. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்து முன்சுவர் முழுக்க அடித்துவிட்டார். செவ்வந்திக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

எதிரே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் பண்ணைக்காரர் பஞ்சநதத்தின் மாடி வீடு. மறுநாள் காலை அவர் வரப்பில் நடந்து வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள். சத்தம் போடவில்லை.

“என்னடா இராஜாங்கம், மாடியில உக்காந்தா கண்ணு கூசுது. சுரண்டிடு.”

“சரிங்க ஆண்டே.”

அவ்வளவுதான் பேச்சு. மனை சொந்தமானாலும் அறுவடை அவர் வயலில்தானே. இராஜாங்கம் ஓட்டாஞ்சில்லால் சுரண்டினார். அது எட்டாத மூலையையெல்லாம் செவ்வந்தி நகத்தால் சுரண்டினாள். பஞ்சநதம் குடை நிழலில் நின்று முடியும்வரை பார்த்தார். மேலே சாணி மெழுகிய பிறகுதான் திரும்பிப் போனார்.

“நகத்துக்குள்ள போன நீலம் பொங்கல் வரைக்கும் இருந்துச்சு மாப்பிள்ளை. எங்கப்பா சாகுறவரைக்கும் அந்தச் சுவத்தைப் பாத்து உக்காந்து சாப்பிட்டதில்ல. முதுகைக் காட்டித்தான் உக்காருவாரு.”

“அந்தப் பண்ணைக்காரரு இன்னும் இருக்காராம்மா?” என்றாள் அம்சவல்லி.

“இருக்கான். குத்துக்கல்லாட்டம் இருக்கான். தெனம் காலையில அதே மாடியில உக்காந்திருக்கான். அவன் கண்ணு கூசணும்டி. அதை நான் பாக்கணும். அவனும் போயிட்டா நான் யாருக்குக் காட்டுவேன்?”

அதன் பிறகு இத்தாலியில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபுரம் காட்டினோம், கோயில் காட்டினோம். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி, டிக்கெட் என்றைக்கு என்று. சேர்த்து வைத்திருந்த என் விடுமுறை முழுவதையும் முன்னால் இழுத்துக்கொண்டு நானே கூட்டிப்போனேன்.

குடிசை இருந்த அதே மனையில் இப்போது அரசாங்கம் கட்டித் தந்த காங்கிரீட் வீடு. இத்தனை வருஷம் வெறும் வெள்ளைதான் அடித்து வந்தார். கஞ்சம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். இப்போது திருத்துறைப்பூண்டிக் கடையில் வண்ண அட்டையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நீலத்தையும் மட்டம் தட்டினார். கடைசியில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். பெயின்டர் மருதையன் தலையைச் சொறிந்தான்.

“சின்னம்மா, இது கடை போர்டுக்கு அடிக்கிற கலரு. வீட்டுக்கு அடிச்சா பாக்குறவங்க கண்ணைக் குத்தும்.”

“குத்தட்டும். ரெண்டு கோட்டா அடி.”

அடித்து முடித்தபோது நானே மிரண்டுபோனேன். சம்பாப் பயிர் பச்சை கட்டி நின்ற நேரம். அந்தப் பச்சைக்கு அப்பால் வீடு பளீரென்று நின்றது. ரோட்டில் போகும் பஸ்ஸில் நீல வீட்டு ஸ்டாப் என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள்.

காலையில் எழுந்ததும் அத்தை வாசலில் வந்து நிற்பார். எதிர் மாடி ஜன்னலில் பஞ்சநதம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், முகம் இந்தப் பக்கம்தான். இவர் அவரையே பார்ப்பார். அவரிடம் ஒரு அசைவும் இருக்காது. ஆளும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அத்தை எரிச்சலில் என் மேல் விழுந்து பிடுங்கினார்.

கடைசியில் ரேஷன் கடையில் பஞ்சநதத்தின் மருமகள் பிரகதாம்பாளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, பகலா இரவா என்பதுதான் தெரியும், ஆபரேஷன் என்றால் நடுங்குகிறார் என்று அந்தம்மா புலம்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அத்தை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“ஏமாத்திட்டான் மாப்பிள்ளை” என்றார். அழுகை அல்ல அது, ஆத்திரம்.

அடுத்த வாரம் அவர் சமைத்த பள்ளிக்கூடத்திலேயே இலவசக் கண் முகாம் போட்டார்கள். அத்தை நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனார். கொல்லை வழியாக அல்ல, வாசல் வழியாக.

“யாரு?” என்றார் பஞ்சநதம், கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு.

“செவ்வந்திங்க. கண்ணு முகாமுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன். எம்பொண்ணு நர்ஸு. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு போன்ல சொன்னா.”

ஆண்டே என்ற சொல் வரவில்லை என்பதைக் கிழவர் கவனித்திருக்க வேண்டும்.

“உனக்கு எதுக்கு இந்த அக்கறை?”

“நீங்க பாக்கணுங்க.”

“இனிமே பாத்து என்ன ஆவப்போவுது?”

“பாக்க வேண்டியது எவ்வளவோ இருக்குங்க ஐயா.”

அந்தக் குரலில் தேன் ஒழுகியது. கிழவர் மசிந்துவிட்டார். முகாமிலிருந்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், அத்தையும் துணைக்குப் போனார். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொரு கண். ஊரே மெச்சியது. இப்படியும் ஒரு மனசா என்று டீக்கடையில் பேசினார்கள். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். நான் வாயைத் துண்டால் பொத்திக்கொள்வேன்.

ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம். கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துச் சங்கதி. கிழவர் மறந்தே போயிருந்தால்? அட, நல்லாயிருக்கே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தை தாங்க மாட்டார்.

இரண்டாவது கண்ணும் தேறிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்ற அன்று காலை போனோம். பிரகதாம்பாள் எங்களை மாடிக்கே கூப்பிட்டார். தங்கள் தெருக்காரர் யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை என்று அத்தை என் காதில் சொன்னார்.

பஞ்சநதம் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வயலைப் பார்த்தார். “கதிர் வாங்கிடுச்சே” என்று குழந்தையாட்டம் சந்தோஷப்பட்டார். வரப்பு, வாய்க்கால், மடையில் நின்ற கொக்கு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். பிறகு பார்வை வயலைத் தாண்டியது.

கை தானாக எழுந்து கண்ணை மறைத்தது.

“கண்ணு கூசுது” என்றார்.

அத்தை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“அது யாரு வீடு?”

“இராஜாங்கம் வீடுங்க. நான் அவரு மவ.”

கிழவர் திரும்பி அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

“நான் சுரண்டச் சொன்னேனே.”

“சுரண்டினோமுங்க. வேரு உள்ளயே இருந்துச்சு. துளுத்துடுச்சு.”

“பிரகதா, ஜன்னலைச் சாத்து” என்றார் பஞ்சநதம். காற்று வரும் ஒரே ஜன்னல் அது. பிரகதாம்பாள் ஒன்றும் புரியாமல் சாத்தினார். அறை இருட்டிப் புழுங்கியது. இனி மிச்சக் காலத்துக்கும் அவர் இந்தப் புழுக்கத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கிழவர் நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அத்தை அந்த முதுகை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். வாசல்வரை வழியனுப்ப வந்த பிரகதாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சொட்டு மருந்தை வேளை தவறாமப் போடுங்கம்மா. ஐயா கண்ணு இன்னும் ரொம்ப வருஷம் நல்லாத் தெரியணும்.”