அப்பாவைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

எங்கள் வீட்டில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். சிவகாசியில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் அப்பாவுக்கு, மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். மதுரைக்கு நானே அழைத்துப் போனேன்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, நானும் ஆங்கிலத்திலேயே பெருமையாகப் பதில் சொன்னேன். முதுகுவலி உண்டா என்றதற்கும் அப்பாவைக் கேட்காமல் இல்லை என்றேன். அறுவை செய்யலாம், அல்லது அடிவயிற்றில் ஆறு வாரம் கோபால்ட் எந்திரத்தில் கதிர் வைக்கலாம் என்றார். கதிர் போதும் என்று முடிவு செய்ததும் நான்தான்.

முதல் நாள், கதிர் அறை வாசலில் நர்ஸ் அப்பாவிடம், "மேசையில மல்லாந்து படுப்பீகளா?" என்று கேட்டார்.

"முதுகு விடாது தாயி. ஆறு மாசமா உசிரு போகுது."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?" என்று பதறினேன்.

"குனிஞ்சு குழாய் உருட்டுறவனுக்கு முதுகுவலி ஒரு நோவா? கம்பெனியில யாருக்குத்தான் இல்ல? நீங்க ரெண்டு பேரும் இங்கிலீசுல பேசுனீக, நான் எங்கன பூந்து சொல்ல?"

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கால்கள் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். அடிவயிற்றுக் கதிரை விட்டுவிட்டு, முதுகெலும்புக்குச் சில நாள் கதிர் வைத்து, மாத்திரையும் தொடங்கினார். நோய் தீரவில்லை. ஆனால் அப்பா நடக்கிறார், மல்லாந்து தூங்குகிறார்.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்பதை அப்பாவிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவர் வாய் திறக்கும் வரை நான் பேசுவதில்லை.